ஏழுக்கு ஏழு சரி

அத்தியாயம் ஆறு

“ஏழு பேர் உள்ளுக்குப் போனாங்க சேர், ஏழு பேர் வெளிய வந்தாங்க. வாசல்ல நிண்டவர் எண்ணிப் பாத்துட்டு, சரிதான் போங்கண்டு விட்டுட்டார். ஆனா வந்த ஏழுல ஒராள் போன ஏழுல இல்ல” என்றாள் இஸ்ரா.

நுஹ்மான் பாலில்லாத பிளேன்டிக் கோப்பையைக் கீழே வைத்தார். பலாங்கொடை பஸாரில் புடைவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவருடைய அலுவலகம். காலையிலிருந்தே மழை தகரக் கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. காப்புறுதிக் கம்பெனி ஒன்றுக்காக முப்பது வருடம் துப்புத் துலக்கியவர் அவர். எரிந்த கடை, கவிழ்ந்த லொறி, கையெழுத்து மாறிய பத்திரம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. கணினி மட்டும் சுத்தமாகப் பிடிபடவில்லை. அதற்காகத்தான் இஸ்ராவைச் சேர்த்துக்கொண்டார். படிப்பு பெரிய படிப்பு. வாய் அதைவிடப் பெரிது.

“பகிடிய விட்டுட்டு விஷயத்தச் சொல்லுங்க மகள். இண்டைக்குத் திங்கள். வியாழக்கிழமைக்கு எத்தின நாள் ஈக்கு?”

இஸ்ராவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. வியாழக்கிழமை என்றால் என்னவென்று அவளுக்கும் தெரியும்.

நவம்பர் பதினேழாம் தேதி காலை ஒன்பது மணிக்கு, நாவல்கந்தை தோட்டத்து மேல்பிரிவில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற மூன்றாம் லயத்தின் மேல் மலை சரிந்தது. நாலு பேர் போய்விட்டார்கள். அப்படி நடக்கக்கூடாது என்பதற்காகவே அந்தத் தோட்டத்துக் கோவில் கம்பத்தில் ஒரு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். தினமும் காலையில் அளக்கிற மழையின் அளவை, தோட்டத்து ஆபீஸ் கணினியிலிருந்து ஒரு நிரல் எடுத்துப் பார்க்கும். நூற்றைம்பது மில்லிமீட்டரைத் தாண்டினால் ஸ்பீக்கர் அலறும். சனங்கள் ஸ்கூலுக்கு ஓட வேண்டும். அன்றைக்குப் பெய்தது இருநூற்றுப் பன்னிரண்டு. ஸ்பீக்கர் மூச்சுக்கூட விடவில்லை.

அந்த நிரலைத் தோட்டத்துக்கு ஏற்றபடி திருத்தியவன் நிரோஷன். அதே மூன்றாம் லயத்தில் பிறந்து, கொழும்பில் கணினி வேலைக்குப் போன பையன். செத்த நாலு பேரில் அவனைப் பெற்ற தாய் இலட்சுமியும் ஒருத்தி. வியாழக்கிழமை விசாரணைக் குழு முன்னால், என் கவனக்குறைவால்தான் நாலு உயிர் போனது என்று அவன் எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறான். அதற்குப் பிறகு அவனுக்கு வேலையும் இல்லை, ஊரும் இல்லை.

அதைத் தடுக்கத்தான் அவன் அப்பா ராமச்சந்திரன், தோட்டத்துக் காவல்காரர், போன வாரம் இந்த மாடிப்படி ஏறி வந்தார். நாற்காலி இருந்தும் நின்றுகொண்டே பேசினார்.

“ஆத்தாளக் கொன்ன மகன்னு தோட்டமே பேசுதுங்க ஐயா. அவன் ஒரு வார்த்த மறுத்துப் பேசல. அன்னைக்குக் காலையில எம் பொஞ்சாதிக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகல. ஸ்கூலுக்குப் போயிருவமான்னு கேட்டா. இருநூத்திப் பன்னெண்டு, நானே கண்ணால பாத்துட்டுத்தான் வந்திருந்தேன். ஆனா மகன் வச்ச மெஷின் சத்தம் போடலையே, பேசாம படுன்னு சொன்னது நாந்தான். அவன் வேலையில தப்பு வராதுங்க. எவனோ உள்ள பூந்து மாத்தியிருக்கான். அவனக் கண்டுபுடிச்சுக் குடுங்க.”

நுஹ்மானால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

“இப்ப பாருங்க சேர்.” இஸ்ரா கணினியைத் திருப்பினாள். “நிரோஷன் செஞ்சது ஏழு திருத்தம். ஒவ்வொண்டும் தனித்தனி. ஒவ்வொண்டுட தலைலயும், இத ஏன் செஞ்சேண்டு ஒரு குறிப்பு ஈக்கு. ஏழையும் ஒரு கட்டாக் கட்டி, கூட வேல செய்ற கூட்டாளிமாருக்கு அனுப்புவார். அவங்க குற சொன்னா, முழுக் கட்டையும் புதுசாக் கட்டித் திரும்பவும் அனுப்பணும். இப்பிடி நாலு தடவ அனுப்பி ஈக்கிறார்.”

“நாலு தடவையா?”

“பெருநாளைக்கு உடுப்புத் தைக்கக் குடுக்கிற மாதிரிதான். கை நீளம், கழுத்து இறுக்கம்ண்டு நாலு தடவ போய் வரும். கடைசியா வந்த உடுப்ப மட்டும் பாத்தா, எந்தத் தடவ எங்க வெட்டினாங்கண்டு தெரியாது. விசாரணைக்காரங்க கைல ஈக்கிறது நாலாவது கட்டு மட்டும்.”

“நீங்க?”

“நான் ரெண்டாவதையும் மூணாவதையும் பக்கத்துப் பக்கத்துல நிறுத்தி, ஜோடி சேத்துப் பாத்தேன். எண்ணல, ஜோடி சேத்தேன். கணினி சமக்குறி போட்டதெல்லாம் மாறல. ஆச்சரியக்குறி போட்டது, ஆள் அதே ஆள், சட்டைய மட்டும் மாத்தி ஈக்கிறார். இந்த நாலாவதப் பாருங்க. இடப்பக்கம் நிக்கிறார், வலப்பக்கம் அவருக்கு ஜோடியே இல்ல.”

“பிறகு ஏழு எப்பிடி ஏழாவே ஈக்கு?”

“ஆறாவத ரெண்டாப் பிரிச்சிட்டார். அங்க ஒண்டு குறைஞ்சிச்சி, இங்க ஒண்டு கூடிச்சி. கூட்டாளிமாரும் ஏழுக்கு ஏழு சரிண்டு போயிட்டாங்க.”

காணாமல் போன நாலாவது திருத்தத்தின் தலைக்குறிப்பை நுஹ்மான் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். ‘காலையில் அளக்கும் மழையைச் சில தோட்டங்களில் முந்தின நாள் தேதியில் பதிகிறார்கள். ஆகவே நேற்றைய தேதிக்கு எதிரே உள்ளதை இன்றைய அளவாக எடுக்கவும்.’

“இது இல்லாட்டி?”

“நிரல் இண்டைக்குத் தேதிய மட்டும் பாக்கும். அங்க ஒண்டும் இல்லாட்டி மழ பெய்யலண்டு எடுத்துக்கும். இருநூத்திப் பன்னெண்டு நேத்தைய தேதில கிடந்தா, வானம் பொத்துக்கிட்டு ஊத்தினாலும் அதுக்கு வெயில்தான்...” அவள் பகிடி விடத்தான் தொடங்கினாள். பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

“வெளி ஆள் யாராவது எடுத்திருப்பாங்களா?”

“இல்ல சேர். மூணாவது கட்டக் கட்டினதும் அனுப்பினதும் நிரோஷன்ட கணினிதான்.”

நுஹ்மான் குடையை எடுத்தார்.

*

லயம் இழந்தவர்களைத் தோட்டத்தின் பழைய டிஸ்பென்சரியில் குடிவைத்திருந்தார்கள். மருந்து மேசை கிடந்த அறையின் பாதியைச் சேலையால் மறைத்து, ராமச்சந்திரனும் மகனும் இருந்தார்கள். தகப்பன் வேலைக்குப் போயிருந்தார். நிரோஷன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இருபத்தாறு வயது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

“நாலாவத ஏன் எடுத்தீங்க தம்பி?” நுஹ்மான் சுற்றி வளைக்கவில்லை.

அவன் நிமிர்ந்து பார்த்தான். “கண்டுபுடிச்சிட்டீங்களா?”

“எண்ணியிருந்தா நாங்களும் ஏமாந்திருப்போம்” என்றாள் இஸ்ரா.

“மறந்துட்டேங்க. கட்டும்போது கைதவறி விட்டுப்போச்சு.”

“விட்டுப்போச்சா, எடுத்தீங்களா?”

“ரெண்டும் ஒன்னுதாங்க. நாலு பேரு வரப்போறதில்ல. வியாழக்கெழம கையெழுத்துப் போட்டுட்டா எல்லாம் முடிஞ்சிரும். தயவு செஞ்சு அப்பாவ இதுல அலைய விடாதீங்க. அவரு ராவுல தூங்குறதே இப்ப ரெண்டு வாரமாத்தான்.”

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். முப்பது வருடத்தில், தப்பித்துக்கொள்ளப் பொய் சொன்னவர்களை நுஹ்மான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறார். மாட்டிக்கொள்ளப் பொய் சொல்பவனை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

வெளியே வந்து கோவில் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கினார்கள். தலைக்கு மேலே கம்பத்தில் அந்த ஊமை ஸ்பீக்கர் நனைந்துகொண்டிருந்தது.

“மகள், நாலாவது கட்டு எப்ப அனுப்பினது?”

“டிசம்பர் மூணு.”

“நிரோஷன்ட உம்மாட கருமாதி முடிஞ்ச மறுநாள். மல சரிஞ்சி, உம்மா மௌத்தாகி, எல்லாம் முடிஞ்சதுக்குப் பிறகு இன்னொரு கட்டு எதுக்கு? தேதியத் திருத்தவும் இல்ல. மூணையும் நாலையும் ஜோடி சேருங்க.”

இஸ்ரா கணினியை மடியில் வைத்துத் தட்டினாள். “சமம். சமம். சமம். சமம்...” விரல் நின்றது. “அஞ்சாவதுல ஆச்சரியக்குறி. ஆனா நிரல்ல ஒரு எழுத்துக்கூட மாறல சேர். குறிப்பு மட்டும் மாறி ஈக்கு. ஒரே ஒரு வரிய அழிச்சி ஈக்கிறார்.”

“வாசிங்க.”

அவள் கணினியை அவர் பக்கம் திருப்பினாள். கழித்தல் குறி போட்ட ஒற்றை வரி.

‘தேதித் திருத்தம் தேவையில்லை. அப்பாவிடம் கேட்டு உறுதி செய்தேன்.’

மழை அளக்கிறவர் யார் என்று நுஹ்மான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை, நானே கண்ணால பாத்துட்டு வந்தேன் என்று அந்த மனிதர் முதல் நாளே சொல்லிவிட்டார். துப்பறிகிறவருடைய காதுக்குள் அது போகவில்லை, அவ்வளவுதான்.

“எவனக் கண்டுபுடிக்கச் சொன்னாரோ...” என்று தொடங்கிய இஸ்ரா, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“கணினிய மூடுங்க மகள். கணினிக் கோளாறுண்டு ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டுப் போயிருவோம்.”

“அப்ப வியாழக்கிழம அவர் கையெழுத்துப் போட்டுருவாரே சேர்.”

அதற்குள், மழைக்குப் படங்குத் துணியை முதுகில் போர்த்திக்கொண்டு ராமச்சந்திரனே படியேறி வந்துகொண்டிருந்தார்.

“ஆளு ஆம்புட்டானாங்க ஐயா?”

*

“மழைய நீங்க எதுல எழுதுறீங்க?” நுஹ்மான் வேறு எதையோ கேட்கப் போய் அதைத்தான் கேட்டார்.

ராமச்சந்திரன் சட்டைப் பையிலிருந்து பொலித்தீன் சுற்றிய சின்னக் கொப்பி ஒன்றை எடுத்தார். நனையாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு பிரித்தார். கோணல் எழுத்தானாலும் சுத்தமான எழுத்து. நவம்பர் பதினேழுக்கு எதிரே 212 என்று இருந்தது. பதினேழு காலையில் அளந்தது பதினேழுக்கே.

“மகனுக்கும் இதத்தாங்க காட்டினேன்.” அவர் முகம் ஒரு நிமிடம் தெளிந்தது. “நவம்பர் மொத வாரம் லீவுல வந்தான். அப்பா, மழைய எந்தத் தேதிக்கு எழுதுறீங்கன்னு கேட்டான். ஸ்கூலுக்குப் போன நாள்லேர்ந்து அவன் எங்கிட்ட ஒன்னும் கேட்டதில்லீங்க. கேக்க எனக்கு என்னா தெரியும்? அன்னைக்குத்தான் கேட்டான். இருவத்திரெண்டு வருசமா நாந்தான் எழுதுறேன், எனக்குத் தெரியாதா, அன்னைக்கு அளந்தத அன்னைக்குத் தேதிக்குத்தான்னு சொன்னேன். கொப்பியத் தடவித் தடவிப் பாத்தான். அப்பனும் மகனும் ஆபீஸா நடத்துறீங்கன்னு லெச்சுமி சிரிச்சா.”

இஸ்ரா நுஹ்மானின் காதோரம் குனிந்தாள். “அவர் சொன்னது சரிதானே சேர்? அண்டண்டைக்குத் தேதிதானே ஈக்கு?”

“நிரல் இந்தக் கொப்பியப் பாக்கல மகள். ஆபீஸ் கணினியத்தானே பாக்கும்.” நுஹ்மான் ராமச்சந்திரனிடம் திரும்பினார். “அளவ ஆபீஸ்ல எப்பிடிக் குடுப்பீங்க?”

“காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்கு முன்ன அளந்து, ஒரு கடுதாசித் துண்டுல நம்பர மட்டும் எழுதி ஜன்னல்ல குடுத்துருவேங்க.”

“உள்ளுக்குப் போய், அவங்க எழுதுறதப் பாத்தது இல்லையா?”

ராமச்சந்திரனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. “நாங்க எதுக்குங்க உள்ள போறது?” என்றார்.

*

ஆபீஸ் ஜன்னலின் பலகை நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. எத்தனையோ வருடம் எத்தனையோ பேர் முழங்கையை ஊன்றி நின்ற பள்ளம். ராமச்சந்திரன் வழக்கம்போல அங்கே போய் நின்றுகொண்டார். நுஹ்மானும் இஸ்ராவும் கதவால் உள்ளே போனார்கள்.

கிளாக்கர் ரத்நாயக்க தங்கமான மனிதர். நுஹ்மான் சிங்களத்தில் கேட்டதும் மழைப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். இதைப் பார்த்துத்தான் கணினியில் ஏற்றுகிறோம் என்றார். பக்கம் திரும்பியது. நவம்பர் பதினாறு, 212. பதினேழுக்கு எதிரே வேறு ஏதோ ஒரு சின்ன எண்.

“பெய்தது முந்தின நாளும் இரவும்தானே, அதனால் முந்தின நாள் தேதிக்கு எழுதுவோம். எனக்கு முந்திய கிளாக்கரும் அப்படித்தான், அவருக்கு முந்தியவரும் அப்படித்தான். இதை யாரும் வந்து கேட்டதில்லையே” என்றார் ரத்நாயக்க. பிறகு ஜன்னலைப் பார்த்து, நீங்களும் உள்ளே வாருங்களேன் என்று கூப்பிட்டார்.

ராமச்சந்திரன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். தண்ணீர் சொட்டிய படங்கைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தாலும் எண்கள் அவருடைய எண்கள். விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டில் விரல் நின்றது. இடப்பக்கம் நகர்ந்து தேதியைத் தொட்டது. திரும்பவும் எண்ணுக்கு வந்தது. முந்தின பக்கம் புரட்டினார். அதற்கு முந்தின மாதம். அவர் அளந்து கொடுத்த மழையெல்லாம் முந்தின நாள் தேதியில்தான் கிடந்தது.

“எங்கிட்டதான கேட்டான்” என்றார் ராமச்சந்திரன்.

அவர் புத்தகத்தை மெதுவாக மூடினார்.

“அந்தப் புத்தகத்த நான் பாத்ததில்லடான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். இவ்வளவு படிச்ச புள்ள வந்து கேக்குறான், எப்புடிங்க தெரியாதுன்னு சொல்றது? பெருசா சொல்லிப்புட்டேன். நீங்க தேடின ஆளு நாந்தானுங்களா ஐயா?”

“இல்ல” என்றார் நுஹ்மான். “உங்கள இருவத்திரெண்டு வருஷம் அந்த ஜன்னல்ல நிப்பாட்டி வச்சிருந்தாங்களே, அதுதான்...” வாக்கியத்தை எப்படி முடிப்பதென்று தெரியாமல் விட்டுவிட்டார். முப்பது வருடமாகக் குற்றவாளியின் பெயரைச் சொல்லிப் பழகிய வாய்க்கு, பெயரில்லாத குற்றத்தைச் சொல்லத் தெரியவில்லை.

“அவனுக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றாள் இஸ்ரா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “உங்ககிட்ட கேட்டதா எழுதி வச்சி ஈந்தார். உம்மாட காரியம் முடிஞ்ச மறுநாள் அத அழிச்சிட்டார்.”

“என்னன்னு எழுதியிருந்தான்?”

அவள் அந்த வரியைச் சொன்னாள். ராமச்சந்திரன் அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு செருப்பைக்கூடப் போடாமல் மழையில் இறங்கி நடந்தார்.

*

டிஸ்பென்சரியில் மகன் அவர்கள் விட்டுவந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். வாசலில் நனைந்து நின்ற தகப்பனையும், பின்னால் வந்த இரண்டு பேரையும் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது.

“அப்பா, அது நான் சரியாப் பாக்காம...”

“போடு” என்றார் ராமச்சந்திரன்.

“என்னாப்பா?”

“அழிச்சதத் திருப்பிப் போடு. இந்தத் தோட்டத்துல எந்தப் புத்தகத்துலயும் எனக்கு நம்பர்தான் இருக்கு, பேரு இல்ல. நீ ஒருத்தன்தான் என்ன நம்பி, அப்பாகிட்ட கேட்டேன்னு எழுதுன. அதையும் அழிச்சிட்டியேடா.”

“அம்மாவோட சாவ உங்க தலையில எழுதச் சொல்றீங்களா?” நிரோஷன் கத்தியேவிட்டான். இரண்டு மாதத்தில் அவன் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. “என்னால முடியாதுப்பா. நீங்க அதத் தாங்க மாட்டீங்க.”

“ஒங்கம்மாள மண்ணுக்குள்ளேர்ந்து எடுத்தது நானு. அதத் தாங்குனவன் இதத் தாங்கமாட்டனா?” அவர் தரையில் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “நாலு பேரையும் நீ தனியாத் தூக்காத சாமி. ஒரு பக்கம் நான் புடிக்கிறேன்.”

நிரோஷன் தகப்பன் மடியில் விழுந்து அழுதான். இலட்சுமி போன அன்றைக்கும் அழாதவன், கருமாதிக்கும் அழாதவன். நுஹ்மான் வெளியே போய் நின்றுகொண்டார். இஸ்ரா தன் கணினியைச் சத்தமில்லாமல் அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

ஒரு மணி நேரம் கழிந்திருக்கும். நிரோஷன் கூப்பிட்டான். அவள் போய் நாலாவது கட்டையும் புதிதாகக் கட்டிய ஐந்தாவதையும் ஜோடி சேர்த்துப் பார்த்தாள். பழைய ஏழும் அப்படியே இருந்தன. தொலைந்துபோன தேதித் திருத்தம் தன் இடத்துக்குத் திரும்பி வந்திருந்தது.

“இப்ப எட்டு சேர்” என்றாள். அதில் பகிடி எதுவும் இல்லை.

அந்த எட்டில் தேதித் திருத்தத்தின் தலைக்குறிப்பில் நாலு வரி கூடியிருந்தது. ராமச்சந்திரன் திரைக்குக் கிட்டக் குனிந்து எழுத்துக்கூட்டி வாசித்தார்.

‘இதை நான் ஒரு தடவை நீக்கினேன். அப்பாவிடம் கேட்டு உறுதி செய்தேன். அவர் தன் கொப்பியில் சரியாகவே எழுதியிருந்தார். அலுவலகப் புத்தகத்தை அவருக்கு யாரும் ஒருநாளும் காட்டவில்லை, எனக்கும் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.’

இரண்டு தடவை வாசித்தார். வாசித்து முடித்ததும் வாசலுக்கு வந்து நுஹ்மானிடம், “வியாழக்கெழம விசாரணைக்கு நானும் போறேன். அவங்க கதவாலதான உள்ள விடுவாங்க ஐயா?” என்று கேட்டார்.